சீனாவிலிருந்து சரக்கு இறக்குமதி: சிங்கப்பூர்ச் சிறு வணிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேக்காவிலும் கேம்பல் லேனிலும் கடை வைத்திருப்பவர்களுக்காகவும், வீட்டிலிருந்தபடி இணையத்தில் விற்கத் தொடங்கியிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கவரிங் நகை, தோரணம், அலங்கார விளக்கு, ரிட்டர்ன் கிஃப்ட், பாத்திரம், துணிப்பை என எதை எடுத்தாலும் மொத்த விலைக்குச் சீனாதான் என்றாகிவிட்டது. சரக்கு அனுப்பும் தொழிலில் இருப்பதால் இது பற்றிய கேள்விகள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பணம் அனுப்பிய பிறகு வருகின்றன என்பதுதான் மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது. முன்பணம் கையைவிட்டுப் போகும்வரை சப்ளையர் உங்கள் பேச்சைக் கேட்பார். போன பிறகு அவர் சொல்வதை நீங்கள் கேட்க வேண்டியிருக்கும். அதனால் கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல், பணம் அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியே இருக்கும்.

நிறுவனம் பதிவு செய்யாமல் இறக்குமதி செய்ய முடியுமா?

வீட்டுக்கு ஒன்றிரண்டு பொருள் வாங்குவது வேறு. விற்பதற்குத் தொடர்ந்து வரவழைப்பதாக இருந்தால் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் தொழிலைப் பதிவு செய்து யூஇஎன் என்ற நிறுவன அடையாள எண்ணை வாங்குங்கள். பிறகு அந்த எண்ணை வைத்துச் சிங்கப்பூர்ச் சுங்கத்துறையில் கணக்கைச் செயல்படுத்த வேண்டும். கட்டணம் கிடையாது, இணையத்திலேயே முடிந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு சரக்குக்கும் டிரேட்நெட் என்ற மின் விண்ணப்ப முறை வழியாக இறக்குமதி பெர்மிட் எடுக்க வேண்டும். சிறு வணிகர்கள் பலரும் இதை ஃபார்வர்டரிடமோ (சரக்கு அனுப்பித் தரும் நிறுவனம்) டிக்ளேரிங் ஏஜெண்டிடமோ (சுங்க ஆவணம் போட்டுத் தருபவர்) விட்டுவிடுகிறார்கள், அது சரிதான். ஆனால் பெர்மிட்டில் இறக்குமதியாளராக இருப்பது உங்கள் பெயர். ஏஜெண்ட் தவறாக எழுதினாலும் சுங்கத்துறை உங்களையும் கேட்கும். ஆகவே பெர்மிட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள்.

நான் வேலை அனுமதியில் இருக்கிறேன். என் மனைவி டிபியில் (சார்ந்திருப்போர் அனுமதி) இருக்கிறார். நாங்கள் செய்யலாமா?

வேலை அனுமதிச் சீட்டு எந்த முதலாளிக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த வேலைக்கு மட்டும்தான். பக்கத்தில் தனியாகத் தொழில் நடத்த அது இடம் கொடுக்காது. டிபியில் இருப்பவர்களுக்கும் 2021 மே மாதத்திலிருந்து விதி இறுக்கமாகிவிட்டது. தொழில் நடத்த வேண்டுமானால் மனிதவள அமைச்சின் நிபந்தனைகளை நிறைவேற்றி ஒப்புதல் வாங்க வேண்டும். "ஃபேஸ்புக்கில்தானே விற்கிறோம்" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமைச்சிடம் முதலில் கேளுங்கள், சப்ளையரிடம் அப்புறம் பேசலாம்.

சப்ளையரை எங்கே தேடுவது?

எல்லோரும் அலிபாபாவில் தொடங்குகிறார்கள். அது ஏற்றுமதிக்கான தளம், ஆங்கிலத்தில் பேசலாம், டிரேட் அஷ்யூரன்ஸ் என்ற பணப் பாதுகாப்பு ஏற்பாடும் உண்டு. 1688 என்பது அதே குழுமத்தின் சீன உள்நாட்டு மொத்தச் சந்தை. அங்கே விலை குறைவாகத் தெரியும். ஆனால் எல்லாம் சீன மொழியில் இருக்கும், விற்பவர்களில் பலருக்கு ஏற்றுமதி ஆவணம் போடத் தெரியாது, நடுவில் ஒரு கொள்முதல் ஏஜெண்ட் தேவைப்படுவார். அவருடைய கமிஷனையும் உள்நாட்டு லாரிக் கூலியையும் சேர்த்தால் வித்தியாசம் பல நேரம் கரைந்துவிடும்.

நேரில் போக முடிந்தால் இரண்டு இடங்கள். சேஜியாங் மாநிலத்தின் யிவூ மொத்தச் சந்தை சிறு பொருட்களுக்கென்றே உள்ள கடல். வளையல், பை, பொம்மை, பண்டிகை அலங்காரம் எல்லாம் அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வாங்கலாம். குவாங்சோவில் 1957 முதல் நடக்கும் கேன்டன் கண்காட்சி வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மும்மூன்று கட்டங்களாக நடக்கும். உங்கள் பொருள் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். லிட்டில் இந்தியாக் கடைக்காரருக்கு யிவூதான் அதிகம் உதவும் என்பது என் கருத்து. கேன்டன் கண்காட்சியில் பேசுகிறவர்கள் பெரிய அளவு ஆர்டரை எதிர்பார்ப்பார்கள்.

அந்த நிறுவனம் உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குறைவு. கேட்டவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

சீன நிறுவனத்துக்குச் சட்டப்படி செல்லுபடியாகும் பெயர் சீன மொழிப் பெயர் மட்டும்தான். இன்வாய்ஸில் இருக்கும் ஆங்கிலப் பெயரை அவர்களே வைத்துக்கொள்ளலாம், அதை மாற்றிக்கொண்டும் இருக்கலாம். எனவே வணிக உரிமத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அதில் எண்களும் எழுத்துகளுமாக 18 இடங்கள் கொண்ட, ஒருங்கிணைந்த சமூகக் கடன் குறியீடு என்ற நிறுவனப் பதிவு எண் இருக்கும். சீன அரசே நடத்தும் நிறுவனத் தகவல் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். தொடங்கிய ஆண்டு, சட்டப் பிரதிநிதியின் பெயர், பதிவு செய்த முதலீடு, என்ன தொழில் செய்ய அனுமதி, இன்னும் இயங்குகிறதா என எல்லாம் தெரியும். சீனம் படிக்கத் தெரிந்த நண்பர் சிங்கப்பூரில் யாருக்குத்தான் இல்லை? ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொழில் வகையில் "உற்பத்தி" என்று இல்லாமல் "வணிகம்" என்று மட்டும் இருந்தால் அது தொழிற்சாலை அல்ல, இடைத்தரகு நிறுவனம். அது குற்றமில்லை. சிறிய அளவில் பல பொருள் வாங்குபவருக்கு அப்படிப்பட்டவர்தான் வசதி. தொழிற்சாலை என்று சொல்லிக்கொண்டு அப்படி இல்லாமல் இருப்பதுதான் பிரச்சினை. வீடியோ அழைப்பில் உற்பத்தி நடக்கும் இடத்தைக் காட்டச் சொன்னால் தயங்குகிறாரா என்று கவனியுங்கள்.

முன்பணம் எவ்வளவு கொடுப்பது வழக்கம்?

வங்கிவழிப் பரிமாற்றத்தில் 30 விழுக்காடு முன்பணம், சரக்கு தயாரானதும் கப்பலேற்றுமுன் மீதி 70 விழுக்காடு என்பது பரவலான வழக்கம். முதல் ஆர்டருக்கே முழுப் பணத்தையும் கேட்டால், தொகை சின்னதாக இருந்தாலொழிய ஒத்துக்கொள்ள வேண்டாம். 70 விழுக்காடு உங்கள் கையில் இருப்பதுதான் தரச் சோதனைக்கு உங்களுக்குள்ள ஒரே பிடி.

கடைசி நேரத்தில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால்?

பணம் அனுப்பாதீர்கள். இது வணிக மின்னஞ்சல் மோசடியில் மிகப் பழகிய வழி. யாரோ ஒருவர் சப்ளையரின் மின்னஞ்சலுக்குள் புகுந்து உங்கள் பேச்சுவார்த்தையை எல்லாம் படித்துக்கொண்டிருப்பார். மீதிப் பணம் கட்டும் நேரம் வந்ததும் அதே இன்வாய்ஸ், அதே லோகோ, வேறு கணக்கு எண் வரும். முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். சில சமயம் அதுகூட மாறியிருக்காது.

அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதி உறுதி கேட்பதால் பயனில்லை, பதில் எழுதுவதும் அதே ஆள்தான். முன்பே உங்களிடம் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கோ வீசாட் கணக்குக்கோ அழைத்து, முகம் பார்த்து, கணக்கு எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். கணக்கின் பெயர் ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனத்தின் பெயராக இருக்க வேண்டும். சில நல்ல நிறுவனங்களும் ஹாங்காங் நிறுவனக் கணக்கில் பணம் வாங்குவதுண்டு. அப்படியானால் அதை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதி, நிறுவனத்தின் வட்டச் சிவப்பு முத்திரையைப் பதித்துத் தரச் சொல்லுங்கள். சீனாவில் கையெழுத்தைவிட அந்த முத்திரைக்கு மதிப்பு அதிகம். தனிநபர் கணக்கு என்றால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அதே நிமிடம் உங்கள் வங்கியைக் கூப்பிட்டு, போலீசில் புகார் கொடுங்கள். சந்தேகம் என்ற நிலையிலேயே 1799 ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

மாதிரி நன்றாக இருந்தது, வந்த சரக்கு மோசம். இதை எப்படித் தவிர்ப்பது?

மாதிரியை இரண்டாக வாங்குங்கள். ஒன்றில் இரு தரப்பும் கையெழுத்திட்டு சப்ளையரிடம், இன்னொன்று உங்களிடம். பிறகு எழுதுங்கள்: துணி எத்தனை கிராம் கனம், முலாம் என்ன நிறம், அட்டைப்பெட்டி எத்தனை அடுக்கு, ஒரு பெட்டிக்கு எத்தனை. "நல்ல தரம்" என்று எழுதினால் ஒன்றுமே எழுதாததற்குச் சமம்.

மீதிப் பணம் கட்டுமுன் மூன்றாம் தரப்புச் சோதனை வையுங்கள். எஸ்ஜிஎஸ், பியூரோ வெரிட்டாஸ், கியூமா போன்ற நிறுவனங்கள் ஓர் ஆளை ஒரு நாளைக்கு அனுப்பி, சரக்கிலிருந்து தோராயமாகச் சில பெட்டிகளைப் பிரித்து எண்ணிப் பார்த்துப் படங்களோடு அறிக்கை தரும். எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏக்யூஎல் என்ற அளவுகோலில், பெரிய குறைகளுக்கு 2.5, சிறிய குறைகளுக்கு 4.0 என்று வைப்பது நுகர்பொருட்களுக்கு வழக்கம். கட்டணத்தைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் நிறைய. ஆனால் விற்க முடியாத வளையல் பெட்டிகளை வாடகைக் கிடங்கில் மாதக்கணக்கில் வைத்திருப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை. தொழிற்சாலைக்குச் சோதனை வரப்போகிறது என்று முன்பணம் கொடுக்குமுன்பே சொல்லிவிடுங்கள். அதைச் சொன்னதிலேயே பாதித் தரம் உயர்ந்துவிடும்.

எக்ஸ் ஒர்க்ஸ், எஃப்ஓபி, சிஐஎஃப், டிடிபி: எதில் வாங்குவது?

எக்ஸ் ஒர்க்ஸ் என்றால் தொழிற்சாலை வாசலோடு சப்ளையரின் பொறுப்பு முடிந்தது. சீன உள்நாட்டு லாரியும் ஏற்றுமதி ஆவணமும் உங்கள் தலையில் விழும். எஃப்ஓபி என்றால் சீனத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும்வரை அவர் பொறுப்பு, அதன் பிறகு உங்கள் ஃபார்வர்டர் பார்த்துக்கொள்வார். சிஐஎஃப் என்றால் சிங்கப்பூர்த் துறைமுகம் வரை கப்பல் கூலியையும் காப்பீட்டையும் அவர் கட்டுகிறார். டிடிபி என்றால் வரி உட்பட எல்லாம் கட்டி வீட்டு வாசலில் வைக்கிறார்.

நான் எப்போதும் எஃப்ஓபி சொல்வேன். கப்பல் செலவு உங்கள் கண் முன்னால் இருக்கும்.

டிடிபியில் ஒரு சிக்கல் உண்டு. ஆயிரக்கணக்கான பேரின் பொட்டலங்களை ஒன்றாகச் சேர்த்து யாரோ ஒருவர் பெயரில் இறக்குமதி செய்துவிடுவார்கள். பெர்மிட்டில் உங்கள் யூஇஎன் இருக்காது. பொருள் சேவை வரி ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வரிக்குப் பதிவு செய்தவராக இருந்தாலும் கட்டிய வரியைத் திரும்பக் கோர ஆவணம் இருக்காது. மூன்று பெட்டி துணிப்பைக்கு இது பரவாயில்லை என்று தோன்றலாம். தொடர்ந்து செய்யும் தொழிலுக்கு இது ஆகாது.

கப்பல் கூலி மிகக் குறைவு என்றார்கள். சிங்கப்பூர் வந்ததும் பெரிய பில் வந்துவிட்டது. ஏன்?

முழுக் கொள்கலன் எடுக்காமல் மற்றவர்களோடு பகிர்ந்து அனுப்பும் எல்சிஎல் சரக்கில் இது தினம் நடக்கிறது. சீனாவில் உள்ள ஒருங்கிணைப்பாளர்கள் கூலியை ஒன்றுமில்லாத அளவுக்குக் குறைத்துச் சொல்வார்கள். அந்த இழப்பைச் சிங்கப்பூரில் உள்ள கூட்டாளியிடம் வசூலித்துக்கொள்வார்கள், அவர் உங்களிடம் வசூலிப்பார். துறைமுகக் கையாளுதல், கொள்கலனைப் பிரிக்கும் கட்டணம், டெலிவரி ஆர்டர் கட்டணம், ஆவணக் கட்டணம், கிடங்கு வாடகை என்று வரிசையாக வரும். சரக்கு கெப்பல் டிஸ்ட்ரிபார்க் கிடங்கில் கிடக்கும். பில்லைக் கட்டாமல் எடுக்க முடியாது. சப்ளையரிடம் சிஐஎஃப் வாங்கியவர்களுக்குத்தான் இது அதிகம், ஏனென்றால் ஃபார்வர்டரைத் தேர்ந்தெடுத்தது அவர்.

ஆகவே சிங்கப்பூர் ஃபார்வர்டரிடம், உங்கள் கடை வாசல் வரை ஆகும் எல்லாக் கட்டணத்தையும் வரி வரியாக எழுதி வாங்குங்கள். கன மீட்டருக்கு எவ்வளவு, குறைந்தபட்சம் எத்தனை கன மீட்டருக்குக் கட்ட வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

கூரியரில் வேறொரு கணக்கு. 60 செ.மீ. நீளம், 40 அகலம், 50 உயரம் உள்ள பெட்டியில் பிளாஸ்டிக் மாலை 8 கிலோதான் இருக்கும். ஆனால் கூரியர் நிறுவனங்கள் மூன்றையும் பெருக்கி 5,000 ஆல் வகுப்பார்கள். 24 கிலோவுக்குக் கட்ட வேண்டும். தோரணமும் மாலையும் விமானத்தில் வர வேண்டிய பொருட்கள் அல்ல.

சுங்க வரி எவ்வளவு? பொருள் சேவை வரி எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

சிங்கப்பூரில் சுங்கத் தீர்வை மதுபானம், புகையிலைப் பொருள், மோட்டார் வாகனம், பெட்ரோலியப் பொருள் ஆகியவற்றுக்குத்தான். உங்கள் தோரணத்துக்கும் பாத்திரத்துக்கும் தீர்வை இல்லை. பொருள் சேவை வரி உண்டு. 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு.

அந்த 9 விழுக்காடு பொருளின் விலைக்கு மட்டுமல்ல. பொருள் 4,000 வெள்ளி, கப்பல் கூலி 300, காப்பீடு 40 என்றால் மொத்தம் 4,340 வெள்ளிக்கு வரி 390 வெள்ளி 60 காசு. விலை நிர்ணயிக்கும்போது இதைச் சேர்க்க மறந்துவிட்டால் தீபாவளிச் சந்தையில் உங்கள் லாபம் அங்கேயே போய்விடும்.

விமானத்திலோ தபாலிலோ வரும் சரக்கின் மதிப்பு, கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்து 400 வெள்ளிக்கு மேல் போகாவிட்டால் நுழைவிடத்தில் வரி இல்லை. கடல்வழிக்கு இந்தச் சலுகை கிடையாது, முதல் வெள்ளியிலிருந்தே வரி உண்டு. 2023 ஜனவரி முதல், பதிவு செய்த வெளிநாட்டு விற்பனைத் தளங்கள் 400 வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கும் விற்கும்போதே வரியை வாங்கிவிடுகின்றன.

ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் நீங்கள் வரிக்குப் பதிவு செய்தாக வேண்டும். அதற்குக் குறைவாக இருந்து பதிவு செய்யாவிட்டால் இறக்குமதியில் கட்டிய வரி உங்களுக்குச் செலவுதான், திரும்ப வராது.

இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போட்டுத் தருகிறேன் என்று சப்ளையரே சொல்கிறார்...

வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். அவர் உதவி செய்வதாக நினைத்துச் சொல்வார், சில நாடுகளுக்கு அப்படியே பழக்கம். இங்கே வரி ஏய்ப்புக்குத் தண்டனை, ஏய்த்த தொகையைப் போல் 20 மடங்கு வரை அபராதம், சிறையும் உண்டு. தண்டனை வருவது உங்களுக்கு, அவருக்கு அல்ல. இன்னொன்று, சரக்கு கடலில் நனைந்து போனால் காப்பீடும் அந்தக் குறைந்த இன்வாய்ஸ் விலையைத்தான் பார்க்கும்.

எந்தப் பொருட்களுக்குத் தனி அனுமதி வேண்டும்?

தீபாவளிக்கு வீட்டு வாசலில் போடும் அலங்கார விளக்குகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் மாட்டுவது அதில்தான். மின்சார இணைப்பில் மாட்டும் அலங்கார விளக்கு, அடாப்டர், இஸ்திரிப் பெட்டி, சோறு வேக வைக்கும் குக்கர், முடி உலர்த்தி, மின்விசிறி போன்றவை கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள். அவற்றை விற்பவர் சப்ளையராகப் பதிவு செய்து, ஒவ்வொரு மாடலுக்கும் தரச் சான்றிதழ் பெற்று, பாதுகாப்பு முத்திரை ஒட்ட வேண்டும். சீனச் சப்ளையர் "சிஇ சான்றிதழ் இருக்கிறது" என்பார். அது ஐரோப்பாவுக்கானது. பக்கத்துக் கடைக்காரர் அதே மாடலைப் பதிவு செய்திருந்தாலும் அந்தப் பதிவு அவருக்குத்தான். பதிவில்லாமல் விற்றால் 10,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். இந்தச் சட்டம் காகிதத்துக்காக இருப்பதல்ல. மலிவு விளக்கின் வயர் சூடாகி, சாமி அறைத் திரையில் தீப்பிடித்தால் யாருடைய வீடு என்று யோசித்துப் பாருங்கள்.

உணவுப் பொருளுக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பில் பதிவோ உரிமமோ வேண்டும், ஒவ்வொரு சரக்குக்கும் பெர்மிட்டும் வேண்டும். நகப்பூச்சு, உதட்டுச்சாயம், கண்மை போன்ற அழகுப் பொருட்களைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். வாக்கிடாக்கி, புளூடூத் ஸ்பீக்கர் போன்றவற்றுக்குத் தகவல் தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதிகள் உண்டு. பொம்மைத் துப்பாக்கிக்குப் போலீஸ் ஒப்புதல் தேவை. பட்டாசு, மின்சிகரெட், சூயிங்கம், துப்பாக்கி வடிவச் சிகரெட் லைட்டர் ஆகியவற்றை அறவே கொண்டுவரக் கூடாது.

வழி ஒன்றுதான். பொருளை வகைப்படுத்தும் எண்ணான எச்எஸ் குறியீட்டைச் சப்ளையரிடம் கேளுங்கள். முதல் ஆறு இலக்கம் உலகெங்கும் ஒன்றே, சிங்கப்பூரில் எட்டு இலக்கம். சுங்கத்துறைத் தளத்தில் அதைப் போட்டால் எந்த அமைப்பின் கட்டுப்பாட்டில் வருகிறது என்று காட்டும்.

பிராண்டு பெயர் போட்ட கைப்பை மலிவாகக் கிடைக்கிறதே?

போலி. விற்பனைக்காகப் போலி வணிகச் சின்னப் பொருளை இறக்குமதி செய்தால் ஒவ்வொரு பொருளுக்கும் 10,000 வெள்ளி வரை, மொத்தம் 1 லட்சம் வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை.

உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டுமா?

சீனாவோடு சிங்கப்பூருக்கு 2009 முதல் தடையில்லா வணிக ஒப்பந்தம் இருக்கிறது, ஆசியான் ஒப்பந்தமும் ஆர்செப் என்ற வட்டார வணிக ஒப்பந்தமும் உண்டு. ஆனால் இங்கே தீர்வையே இல்லாத பொருளுக்குச் சலுகைச் சான்றிதழால் என்ன பயன்? சிங்கப்பூரோடு நிற்கும் சரக்கென்றால் அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

தீபாவளிக்கு எப்போது ஆர்டர் போட வேண்டும்?

ஜூன் மாதத்திலேயே. உற்பத்திக்கு ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம், பிறகு சோதனை, திருத்தம். தென்சீனத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வந்துவிடும். ஆனால் சேர்த்துக் கட்டுவது, இறக்குவது, பெர்மிட் எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று வாரம் என்று வையுங்கள். அக்டோபர் 1 முதல் 7 வரை சீனாவில் தேசிய தின விடுமுறை, அதற்கு முந்தைய வாரத்தில் கப்பலில் இடம் கிடைப்பது கஷ்டம்.

பொங்கலுக்கு இன்னும் நெருக்கடி, ஏனென்றால் சீனப் புத்தாண்டு அடுத்தே வருகிறது. தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். அதற்கு முன் அவசர அவசரமாக முடிக்கும் சரக்கில் குறை அதிகம். பொங்கல் பானை, கரும்பு அலங்காரம் எல்லாம் நவம்பருக்குள் கப்பலேறிவிட வேண்டும்.

வந்த சரக்கில் குறை. இப்போது என்ன செய்வது?

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பெட்டியே நசுங்கியிருந்தால் டெலிவரிச் சீட்டில் அதை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள், காப்பீட்டுக்கு அது வேண்டும். பொருளில் குறையென்றால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். சிங்கப்பூரும் சீனாவும் பன்னாட்டுச் சரக்கு விற்பனை பற்றிய ஐநா உடன்படிக்கையில் உள்ளன. ஒப்பந்தத்தில் அதை விலக்கியிருந்தாலொழிய, குறையை நியாயமான காலத்துக்குள் தெரிவிக்காதவர் உரிமையை இழப்பார் என்பது அதன் விதி. மூன்று மாதம் பெட்டியைத் திறக்காமல் வைத்துவிட்டுப் புகார் செய்ய முடியாது.

சிறு தொகைக்காகச் சீனாவில் வழக்குப் போடுவது கட்டுப்படியாகாது. அலிபாபா வழியாகப் பணம் கட்டியிருந்தால் அங்கேயே தகராறு பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆர்டரில் தள்ளுபடியோ மாற்றுப் பொருளோ கேட்பதுதான் நடைமுறையில் கிடைக்கும் தீர்வு. அப்படித் தருவதாகச் சொன்னால், எத்தனை, எந்தத் தேதிக்குள் என்று முத்திரையோடு எழுதி வாங்குங்கள்.

சரக்கை வீவக வீட்டிலேயே அடுக்கி வைக்கலாமா?

வீட்டிலிருந்து சின்னதாகத் தொழில் செய்ய இடமுண்டு, வீட்டைக் கிடங்காக்க இடமில்லை. நடைபாதையில் ஒரு பெட்டிகூட வைக்க வேண்டாம், தீ விபத்தில் வெளியேறும் வழி அது. கன மீட்டர் கணக்கில் வரவழைக்கத் தொடங்கினால் சேமிப்புக் கிடங்கில் ஓர் அறை எடுத்து, அதன் வாடகையையும் பொருளின் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

பெர்மிட் ஒப்புதலான நாளிலிருந்து 5 ஆண்டு. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு), பெர்மிட், பணம் கட்டிய வங்கி ரசீது ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனிக் கோப்பாக வையுங்கள். கணினியில் வைத்தாலும் போதும். வீசாட்டில் மட்டும் இருக்கும் இன்வாய்ஸை அன்றே இறக்கிச் சேமித்துவிடுங்கள், கைப்பேசி மாற்றும்போது பலருக்கு அது காணாமல் போகிறது.